கல்யாண வீட்டுக்கு என்ன உடுத்திப் போவது?



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டு அமைப்பின் நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தபோது, "கல்யாண வீட்டுக்கு என்ன உடுத்திப் போவது?" என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வழக்கமாக இந்த மேடையில் நிலம் பற்றி, கல்வி பற்றி, வன்கொடுமைச் சட்டம் பற்றிப் பேசுவார்கள். நானும் அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் ஒரு சட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

கடந்த சித்திரையில் ஒரு மாணவர் என்னிடம் வந்தார். கூடப் படிக்கிற நண்பனின் அக்காவுக்குக் கல்யாணம். நண்பன் ஊர்த்தெருக்காரன். பத்திரிகையைக் கையில் கொடுத்து, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். "ஐயா, என்ன போட்டுக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். "வெயில் காலம், பருத்திச் சட்டையாப் பாத்துப் போட்டுக்கப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லாப் போட்டுட்டுப் போனா, எப்படி வந்திருக்கான் பாருன்னு சொல்வாங்க. சாதாரணமாப் போனா, இவனுங்க இவ்வளவுதான்னு சொல்வாங்க. அதான் கேக்குறேன்" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரையை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலித் இளைஞன் கண்ணாடி முன் நின்று சட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அவன் கையில் இருப்பது சட்டை மட்டும் அல்ல. குறைந்தது இருநூறு ஆண்டு வரலாறு. அந்த வரலாறு அவனுக்குத் தெரிந்திருந்தால், அவனுடைய தயக்கம் அவனுடைய குறை அல்ல என்பதும் தெரிந்துவிடும்.

1. குடை, செருப்பு, சட்டை

நம் ஊர்களில் கல்யாணக் காலம் என்பது பெரும்பாலும் வெயில் காலம்தான். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும், வேலை குறைந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் பல மைல் நடந்து கல்யாணத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போகிற மனிதனுக்கு என்ன தேவை? காலுக்குச் செருப்பு, தலைக்குக் குடை, உடம்பு வெந்துபோகாமல் மேலே ஒரு துணி. இதற்கு மேல் ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

1930ஆம் ஆண்டு டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், இந்த மூன்றையும் தடை செய்து எட்டு கட்டளைகள் போடப்பட்டன. போட்டது அரசாங்கம் அல்ல; ஆதிக்கச் சாதியினர். 1931ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், 1946இல் வெளிவந்த 'இந்தியாவில் சாதி' என்ற தம் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். விதித்தவர்கள் கள்ளர்கள் என்று பெயர் குறிப்பிட்டே எழுதுகிறார். அவற்றின் சாரத்தைச் சொல்கிறேன்.

ஆதி திராவிடர் பொன்னகையோ வெள்ளி நகையோ அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேல்உடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு அணியக் கூடாது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நகை, சட்டை, ரவிக்கை, பூ, மஞ்சள், குடை, செருப்பு. ஒரு மனுஷியோ மனுஷனோ கல்யாணத்துக்குக் கிளம்பும்போது உடம்பில் சேர்த்துக்கொள்கிற பொருள்களின் பட்டியல் இது. அன்றாடம் வயலில் வேலை செய்கிறவர் பூ வைத்துக்கொண்டு களை எடுக்கப் போவதில்லை. விசேஷ நாளில்தான் இவையெல்லாம் வெளியே வரும். ஆக, தடை விழுந்தது விசேஷ நாளின்மீது. ஒரு நாளாவது உழைப்பாளி என்ற அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டு மனிதராக நான்கு பேர் நடுவில் போய் நிற்கும் உரிமையின்மீது.

கட்டளையை மீறியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் ஹட்டன் எழுதியிருக்கிறார். குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

2. சட்டையில் தொடங்கி நிலத்தில் முடிந்த பட்டியல்

எட்டு கட்டளைகளோடு நிற்கவில்லை. 1931ஆம் ஆண்டு ஜூனில், ஆதி திராவிடருக்கும் தேவேந்திர குல வேளாளருக்கும் என்று பதினொரு கட்டளைகள் வந்தன. நம் மாணவர்கள் இந்த இரண்டாவது பட்டியலை அவசியம் படிக்க வேண்டும். உடைக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

தொடக்கம் உடைதான். துணி முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது, பொன்னகை கூடாது. அடுத்து, பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது. தலையில் வைக்கிற சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. சும்மாட்டுத் துணிவரைக்கும் யோசித்திருக்கிறார்கள்!

அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா? பிள்ளைகள் படிக்கக் கூடாது. மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்க வேண்டும். பிறகு, ஆணும் பெண்ணும் மிராசுதாரர் பண்ணையில் அடிமைகளாக வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிர் செய்யக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை கூலி வேலை. ஆணுக்கு நாள் கூலி 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

பட்டியலின் கடைசியில் கல்யாணம் வருகிறது. கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் வைக்கக் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஊர்வலத்துக்கு வண்டி வாகனம் எதுவும் கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 'நிறுத்த வேண்டும்' என்கிறார்கள். அப்படியென்றால் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது. நம் மக்கள் 1931இலேயே குதிரையில் போயிருக்கிறார்கள், மேளம் வைத்திருக்கிறார்கள், செம்புக் குடம் வாங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள், சொந்த நிலமும் வைத்திருந்திருக்கிறார்கள். யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள். நம் வீழ்ச்சியின் ஆவணமாகப் படிக்கப்படும் இந்தப் பட்டியலை, நம் எழுச்சியின் ஆவணமாகவும் படிக்கலாம். ராமநாதபுரத்து மக்கள் கடல் தாண்டி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் உழைக்கப் போய்வந்த காலம் அது. ஊருக்கு வெளியே உலகம் பார்த்து, கையில் நாலு காசோடும் உடம்பில் சட்டையோடும் திரும்பியவனை 4 அணாவுக்கு வேலைக்கு வரச் சொல்வது கஷ்டம். முதலில் சட்டையைக் கழற்ற வைக்க வேண்டும். சட்டையைக் கழற்றியவன்தான் கூலியைப் பற்றி வாய் திறக்க மாட்டான். உடைக் கட்டுப்பாடு என்பது பழக்கவழக்கம் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் அல்ல. கூலியைக் குறைவாக வைத்திருக்கும் ஏற்பாட்டின் வெளித்தோற்றம் அது.

தியாகி இம்மானுவேல் சேகரன் இதே மண்ணில் 1924இல் பிறந்தவர். இந்தக் கட்டளைகள் ஊர் ஊராகப் பரவியபோது அவர் ஆறு வயதுச் சிறுவன். 1957இல் பரமக்குடியில் கொல்லப்படும்வரை அவர் எதற்காக நின்றார் என்பதை இந்தப் பட்டியலோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

3. போடலாம், ஆனால் எங்களைப் போலப் போடாதே

தெற்கே திருவிதாங்கூருக்கு வருவோம். தோள்சீலைப் போராட்டம் பற்றி உங்களுக்குத் தெரியும். அதில் முன்னின்றவர்கள் சாணார் எனப்பட்ட நாடார் பெண்கள். அது தலித் போராட்டம் அல்ல என்று சிலர் ஒதுக்குவதுண்டு. ஆனால் அதே சமஸ்தானத்தில் அதே விதிகள் புலையர், பறையர் பெண்களின்மீது இன்னும் கடுமையாக விழுந்தன. அந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

1829இல் வந்த பிரகடனம், மதம் மாறிய கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்றது. முப்பது ஆண்டுகள் அடிதடிக்கும் கலவரத்துக்கும் பிறகு, சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியனின் அழுத்தத்தால் 1859 ஜூலையில் இன்னொரு பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம். மீனவப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

இந்த 'மட்டும்' என்பதில்தான் சாதி முழுவதும் இருக்கிறது. அரசுக்குப் பெண்கள் மார்பை மறைப்பதில் பிரச்சினை இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் சாலையில் எதிரே வருகிறவளைப் பார்த்ததும் அவள் யார் என்று தெரிந்துவிட வேண்டும். ஒதுங்கச் சொல்வதா, ஒதுங்குவதா என்று தூரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதற்கு உடை ஒரு அடையாளச் சீட்டு.

அந்தச் சீட்டைக் கிழித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். தலைக்கட்டு மறுக்கப்பட்ட மக்கள் கடவுள் முன்னாலேயே அதைக் கட்டி நின்றார்கள். 1893இல் அய்யன்காளி வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். கல்யாண மாப்பிள்ளை போல ஒரு புலையர் சாலையில் போவதைத் தாங்க முடியாமல் கல் வீசினார்கள். அவர் வண்டியைத் திருப்பவில்லை.

1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கல்மாலைப் போராட்டம் வெடித்தது. புலையர் பெண்கள் கழுத்தில் அணிந்தே ஆக வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது கல்மணி மாலை. அதைக் கழற்ற முன்வந்தபோது குடிசைகள் எரிந்தன. பிறகு கொல்லத்தில் நடந்த பெரிய கூட்டத்தில், அய்யன்காளியின் முன்னிலையில், பெண்கள் கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். 1859 பிரகடனம் வந்து ஐம்பத்தாறு வருடம் ஆகியும் அவர்கள் ரவிக்கைக்காகவும் போராட வேண்டியிருந்தது. பிரகடனம் போட்ட நாளிலேயே உரிமை வந்துவிடுவதில்லை. அதை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்குகிறவர் ஒருவர் வேண்டும்.

4. மகாடும் இந்தூரும்

1927 டிசம்பரில் மகாடில் இரண்டாவது மாநாடு நடந்தது. மனுஸ்மிருதி எரிக்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதே நாள்களில் பாபாசாகேப் அங்கு வந்திருந்த பெண்களிடம் தனியாகப் பேசினார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. புடவையை முழங்காலுக்கு மேலே கட்டும் முறையும், முழங்கைவரை ஏறும் கனத்த மலிவு உலோக வளையல்களும், கழுத்துக் குவியலும் நீங்கள் யார் என்று காட்டிக்கொடுக்கும் குறிகள். அவற்றை விடுங்கள், மற்ற பெண்கள் கட்டுவதுபோலக் கணுக்கால்வரை கட்டுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பெண்கள் வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லவில்லை. மாநாடு கலைவதற்குள்ளேயே புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். இது மேல்சாதியைப் பார்த்துப் பின்பற்றுவது இல்லையா? எம்.என். ஸ்ரீநிவாஸ் 1952இல் கூர்க் மக்களைப் பற்றிய நூலில் 'சமஸ்கிருதமயமாதல்' என்ற கருத்தை வைத்தாரே, இது அதுதானே? கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரின் பழக்கங்களை எடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறார் என்பது அந்தக் கருத்து.

அதற்கு நான் சொல்லும் பதில், இந்தூருக்குப் போய்ப் பாருங்கள் என்பது. 1936இல் லாகூரில் பேச அழைக்கப்பட்டு, பிறகு கூட்டம் ரத்தானதால் அம்பேத்கர் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இந்தூர்ப் பகுதி பலாய் மக்களின்மீது விதிக்கப்பட்ட கட்டளைகளை எடுத்துக் காட்டுகிறார். பலாய்கள் ஜரிகைக் கரை வைத்த தலைப்பாகை கட்டக் கூடாது. வண்ணக் கரை போட்ட வேட்டி உடுத்தக் கூடாது. பெண்கள் பொன் வெள்ளி நகையோ, அலங்காரப் பாவாடை ரவிக்கையோ அணியக் கூடாது. அதே பட்டியலில், இந்துக்களின் எல்லாக் கல்யாணத்திலும் பலாய்கள் வந்து வாத்தியம் வாசிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

ராமநாதபுரத்தில் நம் கல்யாணத்துக்கு நாம் மேளம் வைக்கக் கூடாது. இந்தூரில் அவர்கள் கல்யாணத்துக்கு நாம் மேளம் வாசித்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே விதியின் இரண்டு முனைகள். கல்யாண வீட்டில் தலித்துக்கு இடம் உண்டு, வேலைக்காரனாக, விருந்தாளியாக இல்லை.

பின்பற்றுவதுதான் பிரச்சினை என்றால், பின்பற்றப்படுகிறவர் பெருமைப்பட வேண்டும். ஏன் அடிக்கிறார்? பின்பற்றி மேலே ஏறும் வழி நமக்குத் திறந்தே இருந்ததில்லை. மகாடில் பெண்கள் செய்தது மேல்சாதியாக மாறும் முயற்சி அல்ல. தாழ்த்தப்பட்டவள் என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் குறியை அழித்தது. ஒருத்தியைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியாமல் போனால், பார்க்கிறவர் அவளிடம் மனிதரிடம் பேசுவதுபோலத்தான் பேசியாக வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

5. மதுரையில் கழற்றப்பட்ட சட்டை

இங்கே இன்னொரு உடையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஏழை இந்தியனுக்கு மேல்துணி இல்லாதபோது எனக்கு எதற்கு என்பது அவர் நியாயம். அவருடைய உண்மையுணர்வை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே மதுரைக்கு அடுத்த ஜில்லாவில், ஒன்பது வருடம் கழித்து, சட்டை போட்டதற்காக நம் ஆட்களின் குடிசைகள் எரிந்தன. காந்தி துறந்த சட்டை, நம் மக்களுக்குத் தடை செய்யப்பட்ட சட்டை. துறப்பதற்கு முதலில் அது உன்னுடையதாக இருக்க வேண்டும். காந்தியின் வெற்றுடம்பைப் பார்த்து உலகம் கைகூப்பியது. ராமநாதபுரத்து உழவனின் வெற்றுடம்பைப் பார்த்து யாரும் கைகூப்பவில்லை. அது அவனுக்கு விதிக்கப்பட்ட சீருடையாக இருந்தது.

அம்பேத்கர் ஏன் எப்போதும் கோட்டு சூட்டில் இருந்தார் என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். நம் ஊர்ச் சிலைகளில் நீலக் கோட்டும், கையில் புத்தகமும், காலில் ஷூவும் ஏன் தவறாமல் இருக்கின்றன என்றும் கேட்கிறார்கள். ராமநாதபுரத்துப் பட்டியலை அந்தச் சிலைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கோட்டு கூடாது, செருப்பு கூடாது, கிராப்பு கூடாது, படிப்பு கூடாது. அந்தச் சிலையின் ஒவ்வொரு அங்கமும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்குப் பதில்.

6. விருந்தாளி என்கிற ஆபத்து

இதுவரை மணமக்களைப் பற்றியும் ஊர்வலத்தைப் பற்றியும் பேசினோம். மாணவர் கேட்டது விருந்தாளியைப் பற்றி. விருந்தாளி என்ன தவறு செய்ய முடியும்? வருகிறார், வாழ்த்துகிறார், சாப்பிடுகிறார், போகிறார்.

'சாதி ஒழிப்பு' உரையிலேயே ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்துச் சம்பவம் இருக்கிறது. 1936இல் தீர்த்த யாத்திரை முடித்து வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் சொந்தச் சாதியாருக்கு விருந்து வைத்தார். இலையில் நெய் பரிமாறினார். அவ்வளவுதான். தடிகளோடு கூட்டமாக வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, விருந்தாளிகளை அடித்துத் துரத்தினார்கள். அடி விழுந்தது விருந்து வைத்தவருக்கு மட்டும் இல்லை; நெய் ஊற்றிய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கும் விழுந்தது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரல் கடைசியில், கல்யாணக் காலத்தில், உத்தரகாண்டின் தெஹ்ரி மாவட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன தலித் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு, சில நாள்கள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். மேல்சாதியார் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவரும் விருந்தாளிதான்.

விருந்தாளி ஏன் இவ்வளவு உறுத்துகிறார்? ஒரு கல்யாண வீடு என்பது ஊரில் யார் யாருக்கு என்ன இடம் என்பதைப் பந்தி போட்டுக் காட்டுகிற இடம். யார் பந்தலுக்குள், யார் வெளியே; யாருக்கு முதல் பந்தி, யாருக்குக் கடைசி; யார் நாற்காலியில், யார் திண்ணைக்குக் கீழே. நல்ல உடையில் வந்து நடுவில் உட்காரும் தலித் விருந்தாளி, அந்த வரிசையைத் தன் உடம்பாலேயே கலைத்துவிடுகிறார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

7. சட்டத்துக்குள் வந்த புத்தாடை

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவில், தீண்டாமையின் பேரால் தடுக்கக் கூடாதவற்றில் கடை, தண்ணீர்த் துறை, சாலை ஆகியவற்றோடு நகையும் அலங்கார உடையும் அணிவது தனியே சொல்லப்பட்டிருக்கிறது. அறுபது ஆண்டு கழிந்து, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

ஒரு குடியரசின் நாடாளுமன்றம் 'புத்தாடை' என்றும் 'செருப்பு' என்றும் சட்டத்தில் எழுத வேண்டிய நிலை இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 1930 பட்டியலையும் இந்தச் சட்டப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றுக்கு ஒன்று வரிக்கு வரி எதிராக நிற்பது தெரியும். ராமநாதபுரத்தின் பதில் 2016இல்தான் அரசிதழுக்கு வந்து சேர்ந்தது. செயல்பாட்டாளர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொலையும் தீ வைப்பும் மட்டும்தான் வன்கொடுமை என்று நினைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னதை நாமே சின்ன விஷயமாக விட்டுவிடுகிறோம். அதுவும் வழக்குப் பதிய வேண்டிய குற்றம்தான்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் 2012ஐ நினைத்துக்கொள்ளட்டும். அந்த நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் திருமணம்தான் காரணம். அதற்குப் பிந்தைய மாதங்களில் மேடைகளில் ஒலித்தது என்ன? தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்ட்டும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்ற பேச்சு. சட்டை, பனியன், கிராப்பு என்ற வரிசைக்குப் பதிலாக ஜீன்ஸ், டி-சர்ட், கண்ணாடி. எண்பது வருடத்தில் மாறியது துணிதான்.

இப்போது பள்ளிக்கூடத்திலேயே மணிக்கட்டில் வண்ணக் கயிறு வந்துவிட்டது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. திருவிதாங்கூரில் கல்மாலையைக் கட்டாயமாக அணிவித்தார்கள். இன்று பிள்ளைகள் தாங்களே விரும்பி அடையாளக் கயிறு கட்டுகிறார்கள். நம் பிள்ளைகளும் பதிலுக்கு ஒரு வண்ணம் கட்டத் தொடங்கினால், பெரிநாட்டுப் பெண்கள் அறுத்துப் போட்டதை நாம் எடுத்துக் கட்டிக்கொண்டதாக ஆகும். இதைத் தயவுசெய்து யோசியுங்கள்.

8. மஞ்சள் பையும் மாணவரும்

என் அப்பாவிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. வெயில் காலத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போது அதை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொள்வார். செருப்பும் அதே பையில், தாளில் சுற்றி. ஊர்த்தெருவைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கடப்பார். கொதிக்கிற மண். மெயின் ரோட்டுக்கு வந்து, பேருந்து நிற்கும் புளியமரத்தடியில் சட்டையைப் போட்டு, செருப்பை மாட்டி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது அதே மரத்தடியில் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் வைப்பார். "சட்டை அழுக்காயிரும்பா" என்று எனக்குக் காரணம் சொல்வார். நான் நம்பினேன். மேல்படிப்புக்கு வந்து ஹட்டனின் பட்டியலைப் படித்த அன்றுதான் அந்தப் பொய் எனக்கு விளங்கியது. பிள்ளைக்கு அவமானம் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு தகப்பன் சொன்ன பொய்.

ஒன்றை நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும். மறுக்கப்பட்டது எல்லாம் கிடைத்தாக வேண்டும் என்ற வேகத்தில், கடன் வாங்கிப் பட்டு எடுப்பதும், ஒரு நாள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் வட்டி கட்டுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. அந்த வட்டி, 4 அணா கூலியைவிட மோசமான கயிறு. சுயமரியாதை என்பது பட்டு விலையில் இல்லை. 1927இல் மகாடில் பெண்கள் புதுப் புடவை வாங்கவில்லை. இருந்த புடவையை மாற்றிக் கட்டினார்கள்.

இனி அந்த மாணவருக்கு என் பதில். தம்பி, கல்யாணம் வெயிலில் நடக்கிறது. பருத்திச் சட்டை போடு. துவைத்து இஸ்திரி போட்டதாக இருக்கட்டும். உன்னிடம் இருப்பதிலேயே உனக்குப் பிடித்ததாக இருக்கட்டும். செருப்பு போட்டுக்கொள், ஊர்த்தெருவிலும் கழற்றாதே. பந்தலில் எல்லாரும் எங்கே விடுகிறார்களோ அங்கே விடு. வெயில் சுட்டால் குடை பிடித்துக்கொள். எல்லாரும் உட்காரும் நாற்காலியில் உட்கார். கூப்பிட்ட நண்பனுக்காகப் போகிறாய், பார்க்கிறவர்களுக்காக உடுத்தாதே. தனியாகப் போகாமல் இன்னும் இரண்டு நண்பர்களோடு போ. இது பயம் அல்ல, தெளிவு. யாராவது கை வைத்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று உனக்குத் தெரியும்.

அவர் நான் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. போய்விட்டு வந்து என்னைப் பார்த்தார். வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனாராம். "என்னப்பா நடந்தது?" என்று கேட்டேன். "ஒரு பெரியவர், எந்தத் தெருப்பா நீன்னு கேட்டாரு. காலனின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, சாப்ட்டியான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் நடக்கல ஐயா" என்றார்.

வேறு ஒன்றும் நடக்காத அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் பெரிநாட்டில் கல்மாலை அறுந்தது. மகாடில் புடவை மாறியது. ராமநாதபுரத்தில் குடிசைகள் எரிந்தும் சட்டைகள் கழற்றப்படாமல் இருந்தன. எல்லாக் கல்யாண வீட்டிலும், எல்லா ஊரிலும், யாரும் எந்தத் தெரு என்று கேட்காமலே சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிற நாள்வரை நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.